ஒத்தைக் கால் வீக்கம்

எனக்குப் பொறாமை ஜாஸ்தின்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நானும் அதை மறைச்சதில்ல. மறைக்கறதுக்கு நான் என்ன திருட்டா பண்றேன்? அடுத்தவங்களுக்கு ஒண்ணு கிடைச்சா எனக்கு வயிறு எரியும். கொஞ்ச நேரம் எரியும், ரெண்டு வார்த்தை சுருக்குனு சொல்லிட்டேன்னா அடங்கிடும். ஆனா சின்னவளுக்கு அந்த நாற்காலி கிடைச்சப்ப எரிஞ்ச எரிச்சல் இருக்கே, அது சொல்லியும் அடங்கல, தூங்கியும் அடங்கல.

சின்னவள்னா என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாங்க கீழ, அவங்க மாடி ரூம்ல, மாமியார், நான் அத்தைன்னு கூப்பிடறவங்க, ரெண்டு பக்கமும். நான் வேலை பார்க்கிற துணிக்கடைக்கு அவளைக் கூட்டிட்டுப் போய், சூப்பர்வைசர் முன்னாடி நிறுத்தி, "நம்ம வீட்டுப் பொண்ணு சார், கை சுத்தம், வாய் சுத்தம்"னு சொல்லி சேர்த்துவிட்டதே நான்தான். என் பக்கத்துல நின்னு துணி மடிப்பா, எனக்கும் பேச்சுத்துணை ஆச்சுன்னு நெனச்சேன். சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்துட்டு, "கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?"ன்னார். இவ தலையை ஆட்டினா. அவ்வளவுதான், கொண்டு போய் பில் கவுண்டர்ல உட்கார வச்சுட்டார்.

உட்கார வச்சுட்டார். அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க.

எங்க கடையில துணி காட்டுற பொம்பளைங்க உட்காரக் கூடாது. ஆள் வந்தாலும் நிக்கணும், ஈ ஓட்டினாலும் நிக்கணும். ஒரு ஸ்டூல்கூட கிடையாது. அலமாரியில லேசா சாய்ஞ்சோம்னா கேமராவுல தெரிஞ்சிடும். உடனே சூப்பர்வைசர் கீழ இருந்து மைக்குல, "குழந்தைங்க செக்‌ஷன், நேரா நில்லுங்க"ம்பார். மூணு மாடிக்கும் கேக்கும். நான்தான் அந்தக் குழந்தைங்க செக்‌ஷன். ஒரு அம்மாக்காரி வருவா, அலமாரியையே கலைச்சுப் போடுவா, கடைசியில "இதுல பூ கொஞ்சம் பெரிசா இருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவா. வாங்க வந்தவளுக்கு உட்கார சோபா இருக்கு. எனக்கு இல்ல.

சின்னவளுக்கு மட்டும் சக்கரம் வச்ச நாற்காலி. சுத்தும். முதுகுக்கு மெத்தை. கால் வச்சுக்கக் கீழ ஒரு கம்பி. மாடிப்படி பக்கத்துல நின்னு எட்டிப் பார்த்தா நேரா அதுதான் தெரியும். கால் மேல கால் போட்டுக்கிட்டு டக்கு டக்குனு தட்டிக்கிட்டு இருப்பா. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வருவோம். எனக்குக் கால் ரெண்டும் மரக்கட்டையா இருக்கும், அவ என் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டு, "உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போச்சுக்கா"ம்பா. யார்கிட்ட சொல்றா பாருங்க.

என் கால் கதையையும் சொல்லிடறேன். முட்டிக்குப் பின்னாடி இருந்து கணுக்கால் வரைக்கும் நரம்பு சுருட்டிக்கிட்டு பச்சையா புடைச்சுக்கிட்டு நிக்கும். சாயங்காலம் ஆனா செருப்பு வார் சதைக்குள்ள புதைஞ்சிடும். வீட்டுல சொன்னா யாருக்குக் காதுல ஏறும்? எங்க வீட்டுக்காரர், "வேலைக்குப் போனா வலிக்கத்தான் செய்யும்"னு டிவி பக்கம் திரும்பிக்குவார். அத்தை, "எனக்கும்தான் வலிக்குது"ன்னு முடிச்சிடுவாங்க. கடைசியில நானே ஒரு லீவு நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கிட்டேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா நல்லாப் பேசுறவங்க. கெண்டைக்கால்ல அந்தக் கருவியை வச்சு அழுத்திக்கிட்டே, "உங்களுக்கு நின்னு பார்க்கிற வேலையா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "இதயம் ரத்தத்தைக் கீழ தள்ளிவிட்டுடும். கீழ வர்றது சுலபம். பாதத்துல இருந்து திரும்பி மேல ஏறணுமே, அதை யார் ஏத்துவா?"ன்னாங்க.

"கால்ல என்ன மோட்டாரா வச்சிருக்கு?"ன்னேன் நான்.

"வச்சிருக்கு. இதுதான்"னு என் கெண்டைச்சதையைத் தட்டினாங்க. நடக்கும்போது இந்தச் சதை இறுகும். இறுகும்போது உள்ள இருக்கிற ரத்தக்குழாயை நசுக்கும். நசுக்கினா ரத்தம் மேல ஏறும். ஏறினது திரும்பிக் கீழ விழாம இருக்க, வழி நெடுக சின்னச் சின்னதா கதவு இருக்கு, மேல் பக்கம் மட்டும்தான் திறக்கும். இப்படியே ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு கதவா ஏறி இதயத்துக்குப் போய்ச் சேருமாம். அசையாம நின்னா மோட்டார் ஓடாது. அவ்வளவு ரத்தமும் கதவு மேலயே பாரமா நிக்கும். வருஷக்கணக்கா நின்னா கதவு தொளதொளன்னு ஆயிடும், ஏறினது பாதி இறங்கிடும். என் கால்ல ஆனது அதுதான்.

நான் நம்பாத மாதிரி பார்த்திருப்பேன் போல. அவங்க கையைத் தொங்கப்போட்டு, புறங்கையில புடைச்ச நரம்பு ஒண்ணை ஒரு விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னொரு விரலால அங்க இருந்து மணிக்கட்டு பக்கமா வழிச்சுவிட்டாங்க. நரம்பு அப்படியே படுத்துடுச்சு. மேல் பக்கத்து விரலை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் வரைக்கும் படுத்தேதான் இருந்துச்சு. கீழ அமுக்கின விரலை எடுத்தாங்க, சட்டுனு நிறைஞ்சுடுச்சு. "பார்த்தீங்களா, மேல இருந்து கீழ வர கதவு விடல"ன்னாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பஸ்ல வரும்போதெல்லாம் என் கையில செஞ்சு பார்த்துக்கிட்டே வருவேன்.

"அப்ப உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னா சரியாயிடுமா?"ன்னு கேட்டேன். மனசு எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

"காலைத் தொங்கப்போட்டு அசையாம உட்கார்ந்தாலும் இதே கதைதான். அப்பப்ப எழுந்து நடக்கணும், இல்லாட்டி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும்"னாங்க. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கல.

போட்டுக்க இறுக்கமான சாக்ஸ் ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தாங்க. கிளம்பும்போது இன்னொண்ணு சொன்னாங்க. "ரெண்டு காலும் சாயங்காலம் வீங்கி, காலையில வடிஞ்சா பயப்பட வேணாம். ஒத்தைக் கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலிச்சு, தொட்டா சூடா இருந்தா விடாதீங்க. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கும். அதைத் தேய்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது. கட்டி கழண்டுச்சுன்னா ரத்தம் போற வழியிலயே போகும். இதயத்துக்குள்ள போய், அங்க இருந்து நுரையீரலை அடைச்சிடும். உடனே ஓடி வாங்க." எனக்குத்தான் ரெண்டு காலும் வீங்குதேன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தேன்.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் சின்னவ விழுந்தா. மேல் தட்டுல பில் ரோல் பெட்டி இருக்கும். ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்றதை விட்டுட்டு, இவளே அந்த நாற்காலி மேல ஏறி நின்னிருக்கா. சுத்துற நாற்காலி, நின்னா சும்மா இருக்குமா? ஒரு சுத்து சுத்தி ஆளைக் கீழ தள்ளிடுச்சு. கணுக்கால் எலும்பு விரிசல். முட்டி வரைக்கும் மாவுக்கட்டு.

வீட்டுல எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. "உன் கண்ணு லேசுப்பட்டதில்லடி"ன்னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். அவர் சொன்னது விளையாட்டு. அத்தை அதையே சொன்னாங்க, அவங்க சிரிக்கல. நான் என்ன செய்ய, விழட்டும்னு நான் நெனச்சதில்ல. எழுந்திரிக்கட்டும்னுதான் நெனச்சேன். நாற்காலியை விட்டு.

அப்புறம் அவளுக்கு நடந்த உபசாரம் இருக்கே. காலை உசத்தி வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார், வீட்டுல இருந்த தலையணை எல்லாம் மாடிக்குப் போச்சு. என் தலையணையும் போச்சு. மெத்துனு இருக்கும், நானே தேடி வாங்கினது. சாப்பாட்டுத் தட்டு மாடிக்குப் போச்சு, டீ மாடிக்குப் போச்சு. மூட்டு வலின்னு வாசல்படி இறங்காத அத்தை, நாளெல்லாம் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினாங்க. கட்டு போடாத இன்னொரு காலை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, "படுத்தே கிடந்தா இதுவும் மரத்துப்போகும்"னு பிடிச்சுவிட்டுக்கிட்டு இருப்பாங்க. நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். இந்த வீட்டுக்கு முதல்ல வந்தவ நான். எத்தனை சாயங்காலம் அவங்க முன்னாடியே காலை நீட்டி நானே அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு நாள்கூட அந்தக் கை என் பக்கம் வந்ததில்ல. கேட்டிருக்கலாமேன்னு நீங்க சொல்லுவீங்க. கேட்டு வாங்குற பொருளா அது?

ஆனா எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. சூப்பர்வைசர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "பில் போட யாருக்காவது தெரியுமா?"ன்னு மைக்குல கேட்டார். "எனக்குத் தெரியும் சார்"னு இறங்கிப் போனேன். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. எரிச்சல்ல அவ விரலையே பார்த்துப் பார்த்து எல்லா பட்டனும் எனக்கு மனப்பாடம். உட்கார்ந்தேன். ஐயோ, அந்த சுகத்தை எப்படிச் சொல்ல? முதல் நாள் யாரும் பார்க்காதப்ப ஒரு சுத்து சுத்திக்கூடப் பார்த்தேன். சாயங்காலம் பார்த்தா கால் அப்பவும் வீங்கித்தான் இருந்துச்சு. அந்த டாக்டரம்மா சொன்னது சரிதான்னு மறுநாள்ல இருந்து மேஜைக்கடியில குதிகாலைத் தூக்கித் தூக்கி மோட்டார் ஓட்டினேன். வீக்கம் குறைஞ்சுது. பஸ் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்காம ஏறினேன். எனக்கு வயசே குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

கட்டு பிரிக்கிற வாரம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "முதலாளி சொல்லிட்டார்மா. சின்னவங்க திங்கக்கிழமை வந்தா அந்த சீட்டு அவங்களுக்கு. வரலைன்னா இனிமே உங்களுக்குத்தான், நிரந்தரமா"ன்னார். நான் அதை வீட்டுல போய் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வேகத்துல என் முகம் எப்படி இருந்துச்சோ, எங்க கொழுந்தன், "அண்ணி, இப்பவே அந்த நாற்காலியை மடிச்சு எடுத்துட்டு வந்துடாதீங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சின்னவ சிரிக்கல.

வெள்ளிக்கிழமை கட்டு பிரிச்சாங்க. கொஞ்ச நாளைக்கு வீக்கம் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில சின்னவ குளிக்கக் கீழ வந்தா. திரும்பி மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில உட்கார்ந்துக்கிட்டா. "மூச்சு வாங்குதுக்கா. படுத்தே கிடந்தேன்ல"ன்னா. "ராணியம்மாவுக்கு படியிலயே தர்பாரா?"ன்னு கேட்டுட்டு நான் துணி காயப்போடப் போயிட்டேன்.

மத்தியானம் டீ எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். கட்டில்ல அவ சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கா, கால் என் தலையணை மேல இருக்கு. அத்தை கட்டில் ஓரத்துல எண்ணெய்க் கிண்ணத்தோட. கட்டு பிரிச்ச காலை நல்லாக் குழைச்சுக் குழைச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. "நாளைக்கு வேலைக்குப் போகணும்ல, இன்னிக்கு நல்லாப் பிடிச்சுவிட்டா வீக்கம் வடிஞ்சிடும்"னாங்க. கெண்டைச்சதையில கை படும்போதெல்லாம் சின்னவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

எனக்கு முதல்ல வழக்கம்போல எரிஞ்சுது. அப்புறம்தான் காலைப் பார்த்தேன். கட்டுக்குள்ள இத்தனை நாள் கிடந்த கால் சூம்பி இருக்கணும். இது அடுத்த காலைவிட தடிமனா, முட்டி வரைக்கும் பளபளன்னு, லேசா சிவந்து இருந்துச்சு. டம்ளரை வச்சுட்டு புறங்கையால தொட்டேன். சூடு. இந்தக் காலைத் தொட்டேன், அந்தக் காலைத் தொட்டேன். அது குளிர்ந்து இருக்கு, இது கொதிக்குது. காலையில படியில உட்கார்ந்தது ஞாபகம் வந்துச்சு.

பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் எனக்கு ரெண்டும் சேர்ந்தேதான் வந்துச்சு. இவளுக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு பயமும் வந்துச்சு, நாளைக்கு இவ வரமாட்டா, நாற்காலி எனக்குன்னும் வந்துச்சு. எது முன்னாடி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.

"அத்தை, கையை எடுங்க"ன்னேன்.

"ஏன், என் கை உன் கண்ணை உறுத்துதா?"ன்னாங்க. கை நிக்கல.

"தேய்க்காதீங்க அத்தை. இது சாதாரண வீக்கம் இல்ல. உள்ள ரத்தம் கட்டியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஜன்னல்கிட்ட உட்கார்ந்து போன் நோண்டிக்கிட்டு இருந்த கொழுந்தன் தலையைத் தூக்கினான். "அண்ணி, வீக்கம் இருக்கும்னு டாக்டரே சொன்னாரு."

"இருக்கும்னார் தம்பி. ஏறும்னாரா? நேத்து இருந்ததைவிட இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கா இல்லையா, நீங்களே பாருங்க. தொட்டுப் பாருங்க." அவன் தொடல. சத்தம் கேட்டு எங்க வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். என்னன்னு கேட்டார், சொன்னேன். "நாளைக்குத் திங்கக்கிழமை, அதானே?"ன்னு கதவு நிலையில சாய்ஞ்சுக்கிட்டு சிரிச்சார்.

நான் மோட்டாரைப் பத்திச் சொன்னேன், கதவைப் பத்திச் சொன்னேன். கட்டி மேல போய் நுரையீரலை அடைக்கும்னு சொன்னேன். படபடப்புல எல்லாம் முன்னும் பின்னுமா வந்துச்சு. என் புறங்கை நரம்பைக்கூட அமுக்கிக் காட்டினேன். "கால் வீங்கினதுக்குக் கையைக் காட்டுறா"ன்னாங்க அத்தை. நியாயம்தான், எனக்கே அது பைத்தியக்காரத்தனமாத்தான் பட்டுச்சு.

சின்னவதான் கடைசியா பேசினா. "அக்கா, உங்களுக்கு அந்த நாற்காலி வேணும்னா நேராக் கேளுங்க. குடுத்துட்டுப் போறேன். என்னை நோயாளியாக்கி வாங்காதீங்க."

சுளீர்னு இருந்துச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இத்தனை நாளா வாய் ஓயாம நானே சொல்லிச் சொல்லி வளர்த்த பேர். என் பொறாமை இந்த வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கு. இப்ப நான் நிஜத்தைச் சொன்னா அதுவும் பொறாமை மாதிரிதான் கேக்குது. அத்தை மறுபடியும் எண்ணெயைத் தொட்டாங்க. இந்தக் காலுக்கும் அந்தக் கைக்கும் நடுவுல போட என்கிட்ட ஒரே ஒரு பொருள்தான் இருந்துச்சு.

போனை எடுத்து சூப்பர்வைசருக்கு அடிச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டேன்.

"சார், எங்க சின்னவளுக்குக் கால் சரியில்ல. நாளைக்கு வரமாட்டா."

"அப்படியா? அப்ப சீட்டு உங்களுக்குத்தான்மா. முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"எனக்கு வேணாம் சார். நாளைக்கு நான் குழந்தைங்க செக்‌ஷனுக்கே போயிடறேன். பில்லுக்கு வேற யாரையாவது போட்டுக்கோங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் வந்து மாத்திப் பேசக் கூடாது."

"யோசிச்சா சொல்ல மாட்டேன் சார். நான் யோசிக்கறதுக்குள்ள எழுதிக்கோங்க."

போனை வச்சேன். அழுகை வந்துச்சு. சின்னவளுக்காக வந்த அழுகைன்னு நினைச்சுடாதீங்க, நாற்காலிக்காகத்தான். அந்த மெத்தை, அந்தக் கம்பி, எல்லாம் போச்சு. "இப்பவாவது கையை எடுங்க அத்தை"ன்னேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாங்க. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து என்னைத் தெரியும். எதையும் நான் சும்மா விட்டுக்கொடுத்து அவங்க பார்த்ததில்ல. ஒரு தலையணைக்கே மூணு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டவ நான். மெதுவா ரெண்டு கையையும் எடுத்து எண்ணெயோட அப்படியே காத்துல வச்சுக்கிட்டு, "டேய், வண்டி கூப்பிடுடா"ன்னாங்க கொழுந்தனைப் பார்த்து.

அண்ணனும் தம்பியும் அவளை வீட்டு நாற்காலி ஒண்ணுல உட்கார வச்சே படி இறக்கினாங்க. நான் தலையணையை எடுத்துக்கிட்டேன். வண்டியில அவ காலை அசங்காம என் மடியில தலையணை வச்சுத் தாங்கிக்கிட்டு வந்தேன். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில டூட்டி டாக்டருக்குக் காலைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. உடனே ஸ்கேன். கெண்டைக்கால்ல ஆரம்பிச்சு முட்டிக்கு மேல வரைக்கும் ரத்தம் உறைஞ்சு நின்னிருக்கு. மூச்சு வாங்கினதைச் சொன்னதும் நெஞ்சுக்கும் ஒரு படம் எடுத்தாங்க. ஒரு சின்னத் துணுக்கு ஏற்கனவே நுரையீரலுக்குப் போயிருக்கு. "பெரிசு இன்னும் கால்லதான் இருக்கு. நல்ல வேளை"ன்னு சொல்லிட்டு ஊசி போட ஆரம்பிச்சாங்க. "காலை யாராவது தேய்ச்சீங்களா?"ன்னு டாக்டர் கேட்டார். அத்தை கையை அக்குள்ல ஒளிச்சுக்கிட்டாங்க.

வெளிய வராந்தாவுல அத்தை என் பக்கத்துல வந்து நின்னாங்க. எண்ணெய் வாசனை இன்னும் போகல. "என் கையாலதானாடி வந்துச்சு?"ன்னாங்க.

ஆமான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தக் கைக்காக நான் எத்தனை நாள் வெந்திருக்கேன். ஒரே வார்த்தையில அந்தக் கை இனிமே யார் காலையும் தொடாம பண்ணியிருக்கலாம். அவங்க கீழ் உதடு நடுங்கறதைப் பார்த்தேன்.

"கட்டுக்குள்ள அசையாம கிடந்ததால வந்துச்சு அத்தை. நீங்க தொடறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. ஆனா இனிமே தேய்க்கக் கூடாது"ன்னேன். அவங்க தலையை ஆட்டிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாங்க.

திங்கக்கிழமை கடைக்குப் போனேன். சூப்பர்வைசர் சொன்ன சொல் தவறாதவர், நாற்காலியில புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. நான் மாடிப்படியில நின்னு பார்க்கும்போது ஒரு சுத்து சுத்தினா. எனக்கு எரிஞ்ச எரிச்சல்ல அலமாரித் துணி பத்திக்காம இருந்ததே பெரிய விஷயம். சாயங்காலம் வரைக்கும் நின்னு, காலை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சின்னவ முகம் தெளிஞ்சிருந்துச்சு. கால் என் தலையணை மேலதான் இருந்துச்சு. கட்டில் பக்கத்துல ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுல அத்தை. நான் வந்ததைப் பார்த்ததும் அத்தை எழுந்துட்டாங்க. "உட்காரு"ன்னாங்க.

"நீங்க உட்காருங்க அத்தை, உங்களுக்கு மூட்டு வலி."

"உட்காருன்னா உட்காருடி."

உட்கார்ந்தேன். சின்னவ வீங்கின காலை லேசா நகர்த்தி, தலையணையில பாதியைக் காலி பண்ணினா. "காலை இப்படித் தூக்கி வைங்கக்கா. உங்க தலையணைதானே"ன்னா. வச்சேன். நாலு கால் வரிசையா இருந்துச்சு. அதுல சாக்ஸுக்குள்ள இருந்தும் என்னோடது ரெண்டும்தான் அசிங்கம். அத்தை கட்டில் ஓரத்துல உட்கார்ந்து ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறாங்க போல.

"உனக்கு ரெண்டு காலும்தானே வீங்குது?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டும்தான் அத்தை."

"அப்ப தேய்க்கலாமா? அந்த டாக்டரம்மா என்ன சொல்லியிருக்காங்க?"

"லேசா தேய்க்கலாம். புடைச்ச இடத்துல அமுக்கக் கூடாது. கணுக்கால்ல இருந்து மேல்பக்கமா"ன்னேன். அத்தை என் சாக்ஸை மெல்லக் கழட்டினாங்க. பாதத்தைக் கையில எடுத்து, கணுக்கால்ல இருந்து முட்டி பக்கமா, ஒரே சீரா, வழிச்சு வழிச்சு விட்டாங்க. கையில சூடு இருந்துச்சு. நான் கூரையில ஓடுற ஃபேனைப் பார்த்துக்கிட்டேன், இல்லாட்டி மானம் போயிருக்கும்.

சின்னவ தலையைச் சாய்ச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவ கண்ணுல இருந்தது என்னன்னு எனக்குத் தெரியாதா? அதை எல்லாரையும்விட நல்லாத் தெரிஞ்சவ நான்.

"அத்தை, எனக்கு எப்ப?"ன்னா.

"உனக்கெல்லாம் கூடாது"ன்னு நான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, அந்த நாற்காலியில முதல் நாள் உட்கார்ந்தப்பகூட அவ்வளவு இல்ல.